நாளைக்கும் வரணும்! ஒரு பிரிட்ஜ் கோர்ஸின் பின்கட்டு

உள்ளே விட்டுவிட்டார்கள்! கல்லூரியின் பெயரைப் போடக்கூடாது, யாருடைய பெயரையும் போடக்கூடாது, நிபந்தனை அவ்வளவுதான். செங்கல்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோ போகும் தூரத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி. மறுநாள் காலை முதலாண்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பாடம் ஆரம்பிக்குமுன் அவர்களுக்கு ஒரு வாரம் பிரிட்ஜ் கோர்ஸ். அதைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் பலர். முந்தின நாள் சாயங்காலம், அது தயாராகிற அறைக்குள் எட்டிப் பார்க்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? வாருங்கள், செருப்பை வாசலிலேயே விட்டுவிடலாம். தரையெல்லாம் சார்ட் பேப்பர்.

அறை ஆங்கிலத் துறையுடையது. இப்போது பார்த்தால் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு. மூடி தொலைந்த மார்க்கர்கள், சணல் கயிறு, ஃபெவிகால் டப்பா, டீ வந்த எவர்சில்வர் கேன். பாதி கடித்த சமோசா ஒன்று அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரின் மேல் உட்கார்ந்து, அட்டையில் எண்ணெய் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்டூலின் மேல் ஏறி நின்று லேப் அட்டெண்டர் ஃபேன் ரெகுலேட்டரோடு போராடுகிறார். கீழே மூன்றாமாண்டுப் பெண்கள் நாலைந்து பேர் கத்தரிக்கோலுக்குச் சண்டை. கரும்பலகையில் ஒரே ஒரு வரி: 'நாளைக்கும் வரணும்.'

எழுதியவர் இந்த ஒரு வாரத்துக்குப் பொறுப்பான ஆங்கில ஆசிரியை. "முதல் நாள் எல்லாப் பிள்ளையும் வந்துடும் சார். அப்பாவோ அம்மாவோ கூட்டிட்டு வந்து விட்டுடுவாங்க. ரெண்டாம் நாள் தானா பஸ் ஏறி வருதா பாருங்க, அதுதான் எங்களுக்குப் பரீட்சை" என்கிறார், ஸ்டேப்ளரை அழுத்திக்கொண்டே. இந்த அறையில் ஒவ்வொரு முடிவும் அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் எடுக்கப்படுகிறது. அதைக் கண்ணால் பார்த்த சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, நிகழ்ச்சி நிரல். வணிகவியல் பேராசிரியர் ஒருவர் கல்லூரி விதிமுறைகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேச வேண்டும் என்று காகிதம் காகிதமாகத் தயாரித்து வந்திருக்கிறார். மேடம் வாங்கிப் பார்த்தார், சிவப்பு மார்க்கரை எடுத்தார். "சார், பன்னிரண்டு வருஷமா கேட்டுட்டேதான் உட்கார்ந்திருந்தாங்க. முதல் மணி நேரத்துல ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வார்த்தையாவது பேசிடணும். நீங்க பத்து நிமிஷம் எடுத்துக்கோங்க." அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. சார் சிரித்துவிட்டார். உடனே ஒத்திகை. ஒரு மாணவி செல்போனில் நேரம் பார்க்க, அவர் அட்டெண்டன்ஸுக்கு வரும்போதே பத்து நிமிடம் தீர்ந்துபோனது. மறுபடியும் ஆரம்பித்தார். மூன்றாவது முறை சரியாக முடித்ததும் எல்லாரும் விசில்!

அடுத்து நாடகம். மூன்றாமாண்டுப் பையன் ஒருவன் புதுப் பையனாக நடிக்கிறான். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சின் கடைசி ஓரத்தில், யார் கண்ணிலும் படாதபடி சுருண்டு உட்காருகிறான். வரவேற்பு டீமிலிருந்து இரண்டு பெண்கள் போய் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த வரவேற்பைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். அவன் கண்ணை விரித்து, "அக்கா, வீட்டுக்குப் போய்ட்டு வரட்டுமா?" என்கிறான். அறையே குலுங்கியது. மேடமும் சிரித்தார், ஆனால் நோட்டில் குறித்துக்கொண்டார். முதல் நாள் முதல் வாக்கியம் தமிழ்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மூலையில் ஒரு பெரியவர் அமைதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கூப்பிடாமலே ஒவ்வோர் ஆண்டும் வந்துவிடுவாராம். அவர் பி.யூ.சி. படித்த தலைமுறை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-இல். அதற்கு முன்பு பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும்; கல்லூரிக்குள் போய் ஒரு வருடம் பி.யூ.சி., பிறகுதான் பட்டப்படிப்பு. "தமிழ் மீடியத்துலருந்து வந்து அந்த வகுப்புல உட்கார்ந்தா ஒண்ணும் புரியாது. ஆனா தட்டுத் தடுமாறி நிமிர்றதுக்கு ஒரு முழு வருஷம் இருந்துச்சு. கேன்டீன் எங்க, லைப்ரரி எங்க, எந்த வாத்தியார்கிட்ட தைரியமா கேக்கலாம், எல்லாம் அந்த வருஷத்துல பழகிடும். இப்போ அந்த வருஷத்தை இவங்க ஒரு வாரத்துல அடைக்கிறாங்க" என்றார். பள்ளிக்கு ஓர் ஆண்டைக் கூட்டிக் கொடுத்தோம். கல்லூரிக்குள் நின்று பழகும் ஓர் ஆண்டு கைவிட்டுப் போனது. அதை இப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை நான். பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்துக் கொடுத்திருக்கிறது. கலை அறிவியல் கல்லூரியில் ஒரு வாரம் கிடைத்தாலே இவர்கள் கொண்டாடுகிறார்கள்.

கேட் வரைக்கும் பிள்ளைகளைக் கொண்டுவர இன்று நிறையக் கைகள் நீள்கின்றன. 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்', பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வழிகாட்டும் 'கல்லூரிக் கனவு', சேராமல் நின்றுபோனவர்களைத் தேடிப்பிடிக்கும் 'உயர்வுக்குப் படி'. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிற பிள்ளைகள் இவற்றின் கையைப் பிடித்து வருகிறார்கள். கேட்டைத் தாண்டியதும் அந்தக் கையை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் இந்த அறைக்காரர்கள்.

விடிந்தது. கேட்டுக்கு உட்புறம், வேப்பமரத்தடியில் நமக்கு இடம். எட்டரைக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. புது சுடிதார், மடிப்புக் கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்று, எல்லாம் நாலு ஜெராக்ஸ். ஒரு அப்பா மகனின் ஃபைலை மகனிடம் கொடுக்காமல் தானே பிடித்திருக்கிறார். வரவேற்பு டீமின் பையன் மெல்லப் போய், "அண்ணா, நீங்க இப்படி உட்காருங்க. தம்பி, ஃபைலை நீ வாங்கிக்கோ, உன்னைத்தான் கேப்பாங்க" என்றான். நேற்று இரவு இதற்கும் ஒத்திகை நடந்தது! ஒரு பெண் எதிரே வந்த ஆசிரியையைப் பார்த்து "குட் மார்னிங் மிஸ்!" என்று பள்ளிக்கூடத்து ராகத்தில் நீட்டினாள். பக்கத்தில் நின்றவள், "ஏய், இங்க மேடம்டி" என்று கிள்ளினாள். மேடமோ ராகத்தை அப்படியே திருப்பி வாங்கி, "குட் மார்னிங் மா!" என்று பாடிவிட்டுப் போனார்.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, இரவெல்லாம் சரிபார்த்த ஃபேன் நின்றது. மேடைக்குப் பின்னால் ஒரு விநாடி எல்லார் முகத்திலும் ரத்தமே இல்லை. வணிகவியல் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, படியிறங்கிப் பிள்ளைகளுக்கு நடுவே போய் நின்று, தொண்டையைக் கனைத்துத் தன் பத்து நிமிடத்தை ஆரம்பித்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. பிள்ளைகள் நோட்டீஸை விசிறியாக்கி வீசிக்கொண்டே சிரித்துக் கேட்டார்கள். எட்டு நிமிடத்திலேயே முடித்தார். மறைவில் நின்ற மாணவர்கள் கைகளைத் தூக்கிக் குதித்தது பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்!

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த கட்டம்: கையெழுத்து வேட்டை. ஆளுக்கொரு சீட்டு. நூலகர், ஆபீஸ் கிளார்க், பி.டி. சார், லேப் அட்டெண்டர், கேன்டீன் அக்கா என்று ஐந்து பேரைத் தேடிப்போய், ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி, கையெழுத்து வாங்கி வர வேண்டும். இரண்டு இரண்டு பேராக, அதுவும் வேறு வேறு ஊர்க்காரர்களாகச் சேர்த்துவிடுகிறார்கள். இதன் சூட்சுமம் ஐந்து பேரின் பக்கத்தில்தான் இருக்கிறது. முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் பேசி வைத்திருக்கிறார்கள். கம்பிக்குப் பின்னால் ஃபைல் மலைக்குள் புதைந்திருக்கும் கிளார்க்கிடம் கேட்டது ஒன்றே: யார் வந்தாலும் முதலில் பெயரைக் கேளுங்கள். அவர் அதோடு நிற்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம், "பஸ் பாஸ் ஃபாரம் இங்கதான், போனஃபைடும் இங்கதான், பயப்படாம வா" என்று கூடுதலாக வழங்கிக்கொண்டிருந்தார். நூலகர் ஒரு பையனிடம், "உனக்குப் பிடிச்ச புத்தகம் எது?" என்றார். அவன் யோசித்து, மனமார, "கைடு சார்" என்றான். அவர் வயிறு குலுங்கச் சிரித்து அவனை அலமாரிக்கே அழைத்துப்போனார். வெளியே வரும்போது அவன் கையில் ஒரு சிறுகதைத் தொகுப்பு. கேன்டீன் அக்கா கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாரிடமும் ஊரைக் கேட்டுக்கொள்கிறார். மறுநாளிலிருந்து "ஏ மதுராந்தகம், டீ ஆறுது பாரு", "திருப்போரூரு, சில்லறை வாங்காம போறியே" என்று ஊர்ப் பெயரால் கூப்பிடுவதற்காம். தன்னை யாரோ கூப்பிடுகிற இடத்துக்கு மனிதர்கள் மறுபடி வருவார்கள். அக்காவுக்கு இது எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தந்ததல்ல.

மதியம் ஸ்டாஃப் ரூம். இங்கே பார்வையாளர் யாரையும் விடுவதில்லை. மேசை நடுவில் புளியோதரை, பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதுதான் கேள்விப் பெட்டி. பெயர் எழுதாமல் எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று காலையில் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றவிட்டார்கள். இப்போது கவிழ்த்துக் கொட்டி, சாப்பிட்டுக்கொண்டே பிரிக்கிறார்கள். "பார்ட் ஒன் முடிச்சாதான் பார்ட் டூவா?" "அலைடுன்னா என்ன? அதுல போச்சுன்னா மேஜரும் போயிடுமா?" "யூமிஸ் நம்பர் வரலைன்னா ஆயிரம் ரூபா வராதா?" "அரியர் வெச்சா வீட்டுக்கு லெட்டர் போகுமா?" "கேன்டீன்ல முட்டை தோசை உண்டா?" ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. தமிழ் ஒரு பார்ட், ஆங்கிலம் ஒரு பார்ட், எல்லாம் ஒரே செமஸ்டரில் சேர்ந்துதான் வரும். இன்டர்னலுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. நமக்குப் பழகிய இந்தக் கணக்கெல்லாம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய இருட்டு என்பது அந்தச் சீட்டுகளைப் பார்த்தால்தான் தெரிகிறது.

அப்புறம் ஒரு சீட்டு வந்தது. பென்சிலில், கோடு போட்ட தாளில். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னை நிறுத்திடுவாங்களா?" அடுத்த சீட்டிலும் ஏறக்குறைய அதே கேள்வி, வேறு கையெழுத்து. அதற்கடுத்து இன்னொன்று. மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். இயற்பியல் சார் அந்தச் சீட்டுகளை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதுக்கு நான் பதில் சொல்றேன் மேடம்."

மதிய வகுப்பில் அவர் எழுந்து, தானும் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவன் என்று ஆரம்பித்தார். முதல் செமஸ்டரில் ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் எழுதிப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதிப் பார்த்த நோட்டை, நைந்துபோன அந்த நோட்டையே, வீட்டிலிருந்து யாரையோ அனுப்பி வரவழைத்திருந்தார். பெஞ்சு பெஞ்சாக அது கைமாறியது. இடதுபக்கம் தமிழ், வலதுபக்கம் அடித்தல் திருத்தலோடு ஆங்கிலம். ஒரு பெண் பக்கங்களை வெகுநேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இதை போட்டோ எடுத்துக்கட்டுமா?" அன்றைக்கு முழுக் கூடத்தின் முன்னால் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. பின்வரிசையில் நின்ற ஆங்கில மேடம் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

இரண்டாம் நாள் சாயங்காலம். எண்ணெய் வட்டம் போட்ட அதே ரிஜிஸ்டர். வருகைக் குறிகளுக்கு நடுவே ஏழெட்டுக் கட்டங்கள் காலி. மூன்றாமாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொண்டு, போனோடு வராந்தாவில் இடம் பிடித்தார்கள். ஒரு விதி உண்டு: "ஏன் வரலை?" என்று கேட்கக்கூடாது. "இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பிக்க வேண்டும். இந்த விதியைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு மாலை போடலாம்! காரணங்கள் தாமாகவே கொட்டுகின்றன. ஒருவன் மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போயிருக்கிறான், சம்பளத்தை வாங்கிக்கொண்டு நாளை வருவான். ஒருத்திக்கு ஜுரம். மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வருகிற ஒரு பெண், காலையில் கிளம்பித்தான் வந்திருக்கிறாள். திருக்கழுக்குன்றம் பேருந்து நெரிசலில் ஏற முடியாமல் அடுத்த வண்டியில் வந்து, கேட் வரைக்கும் நடந்து, மணி அடித்துவிட்டது என்று பயந்து திரும்பிப் போய்விட்டாள். கேட் வரைக்கும் வந்திருக்கிறாள்! போனைப் பிடித்திருந்த மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. குரலை மாற்றாமல், "நானும் அந்த ரூட்டுதான்டி. நாளைக்கு திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுல பூக்கடைகிட்ட நிக்கிறேன், ஒண்ணா வரலாம்" என்றாள்.

உலகம் முழுக்க இதே பாடுதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், சேர்கிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு வராமலே போய்விடும் மாணவர்களைக் கண்டு கவலைப்பட்டு, 2016-இல் அவர்களுடைய செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியது. எந்த ஃபாரம், எந்தத் தேதி, யாரைக் கேட்பது என்று ராத்திரி எந்நேரம் கேட்டாலும் ஒரு கணினி பதில் சொன்னது. வராமல் போகிறவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். அங்கே கணினி செய்ததை இங்கே பூக்கடைப் பக்கம் நிற்கும் ஒரு அக்கா செய்கிறாள். கூடவே பஸ்ஸிலும் ஏறி வருகிறாள்.

கடைசி நாள் மாமல்லபுரம்! விடிகாலையிலேயே மோர் கேன்களும் எலுமிச்சை சாதப் பொட்டலங்களும் வண்டியில் ஏறிவிட்டன. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் டிக்கெட் உண்டு. சாலையோரத்தில் நிற்கும் அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்துக்குக் காசே வேண்டாம். அதனால் வணிகவியல் சாரின் கணக்கில் பெரும்பகுதி நேரம் அதற்குத்தான். ஆனால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பணம் மட்டும் காரணமில்லை.

வரலாற்று மேடம் பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்தார். இந்தப் பாறையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறவர் யார்? பாசுபத அஸ்திரம் வேண்டிய அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா? அறிஞர்களிடையே இன்றைக்கும் இரண்டு கருத்து. "புத்தகத்தைப் பாக்காதீங்க, கூகுள் பண்ணாதீங்க. கல்லைப் பாத்து சாட்சி கொண்டாங்க. அரை மணி நேரம்." அவ்வளவுதான், வெயிலையும் மறந்து சிதறிப் பாய்ந்தார்கள். அர்ச்சுனன் கட்சி சிவன் பக்கம் போய் நின்றுகொண்டது: பார், வரம் கொடுக்கிற கை! பகீரதன் கட்சி நடுவிலிருந்த பிளவைப் பிடித்தது: நாகர்கள் நீந்தி ஏறுகிறார்கள், அப்படியானால் அது ஆறு! ஒருவன் கீழே குனிந்து பார்த்துக் கத்தினான், "இங்க ஒருத்தர் துணி பிழியறாரு! பக்கத்துல ஒருத்தர் குடம் தூக்கறாரு! தண்ணி இல்லாம எப்படிடா துணி பிழிவாங்க?" எதிர்க்கட்சி அசந்துபோனது. பூனை வேறு இருக்கிறதே! தவசியைப் போலவே கைகளைத் தூக்கி நிற்கும் பூனையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளும். அது எந்தக் கட்சிக்குச் சாட்சி என்று இரண்டு பெண்கள் மூச்சுமுட்ட வாதாடினார்கள். "எது மேடம் சரியான ஆன்சர்?" என்று ஒரு பையன் கெஞ்சினான். "ரெண்டுக்கும் ஆள் இருக்கு. நீ எதைச் சொல்ற, எதை வெச்சு சொல்றன்னுதான் காலேஜ்ல கேப்பாங்க." அவன் விழித்தான். பிறகு மறுபடி பாறையைப் பார்க்க ஓடினான்.

இந்த ஒரு வாரத்தில் நான் கண்டதிலேயே உயர்ந்த பாடம் அதுதான் என்று சொல்வேன். ஒரே விடை இருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து, சான்று கேட்கிற கல்லூரிக்குள் அந்தப் பையன் காலெடுத்து வைத்த நேரம் அது. கூடவே இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே இதே காட்சியைத் தொடங்கி முடிக்காமல் விட்ட இன்னொரு பாறை நிற்கிறது. அங்கே கூட்டிப்போய் உளித்தடங்களைத் தொடாமல் காட்டினார்கள். ஐந்து ரதங்களும் முழுதாக முடியாதவையே. பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்தவர்கள் அடிப்பகுதியை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகளின் பின்கட்டையே பார்த்துவிட்ட பூரிப்பு எனக்கு! ஊருக்குள் உளிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. 1957-இல் இங்கே தொடங்கிய பயிற்சி நிலையம்தான் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி நெடுங்காலம் அதற்குத் தலைமை தாங்கியவர். வணிகவியல் சார் இதைச் சொன்னதும், "சார், இதுக்கு எவ்வளவு நிமிஷம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒத்திகைச் சேதி பிள்ளைகளுக்கு எப்படிக் கசிந்ததோ! சார்தான் முதலில் சிரித்தார்.

மூன்று மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். மோர் தீர்ந்துவிட்டது, தலை எண்ணிக்கை சரிப்படவில்லை, டிரைவர் ஹாரனை விடுவதாயில்லை. பஸ்ஸுக்குள் அர்ச்சுனன் கட்சியும் பகீரதன் கட்சியும் ஜன்னலோர சீட்டுக்காக இரண்டாம் சுற்றை ஆரம்பித்திருந்தன. அப்போது படிக்கட்டில் அந்தக் குப்பத்துப் பெண் வந்து நின்றாள். "மேடம், என் வீடு இங்கேயே பக்கத்துலதான். நான் இப்படியே போயிக்கட்டுமா?" எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக்கொண்டு மேடம் தலையாட்டினார். இறங்கிப் பத்தடி போனவள் திரும்ப ஓடி வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"அக்கா, திங்கக்கிழமை முதல் ஹவர் எந்த ரூம்?"

"பி பிளாக், மேல்மாடி! பூக்கடைகிட்ட ஏழரைக்கு!" என்று பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.